சலவைக்காரியின் கவுன்

இருபது வருடம் குனிந்து தைத்ததில் என் கழுத்து ஒரு பக்கமாகத்தான் திரும்பும். உங்கள் முகத்தைப் பார்க்காமல் பேசுகிறேன் என்று தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. தங்கையின் அறையில் விஷம் தேட வேண்டாம். கிடைக்காது.

அவள் கவர்ச்சி நடிகை; நான் அவளுக்கு உடுப்புத் தைப்பவள். பதினேழு படங்களில் வில்லனின் காதலியாக ஆடி, ஒவ்வொன்றிலும் கடைசியில் குண்டடிபட்டுச் செத்தாள். உடுப்பை அவள் உடம்போடு வைத்தே தைப்பேன். அதைப் போட்டால் உட்கார முடியாது.

"ஒரு படத்துலயாவது உக்காந்து சாகுறேன்க்கா, கால் கடுக்குது" என்பாள்.

முப்பத்தாறு வயதில் ஒரு டைரக்டர், பிள்ளையைப் பறிகொடுத்த, கவுன் போட்ட சலவைக்காரி வேஷத்துக்கு நடித்துக் காட்டச் சொன்னார். வீட்டில் எனக்கு முதலில் நடித்தாள். கல்லுடைத்து எங்களை வளர்த்த அம்மாவே வந்து உட்கார்ந்தது போலிருந்தது.

"அம்மா மாதிரி இருக்கேனாக்கா?"

"இருக்கே."

அழுகிற வேஷத்துக்கு என்ன சம்பளம் தருவார்கள்? பட்டினி என்னவென்று அவள் மறந்திருந்தாள், நான் மறக்கவில்லை. தவிர, தொளதொள கவுனை எந்தத் தையல்காரனும் தைப்பான்.

சாயம் போன துணியில் நானே தைத்தேன். இடுப்பில் அரை அங்குலம் பிடித்தேன். மார்புப் பொத்தானை ஒற்றை நூலில் நிறுத்தினேன். நின்றால் ஒன்றும் தெரியாது.

டைரக்டர் முன்னால் அவள் துவைக்கக் குனிந்தாள். பொத்தான் தெறித்தது. விளக்குப் பிடிப்பவன் விசிலடித்தான். அவள் ஒரு கையால் மார்பைப் பொத்திக்கொண்டு, மறு கையால் துவைத்து, கடைசி வரைக்கும் அழுது முடித்தாள். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்?" என்று டைரக்டர் சிரித்தார்.

காரில் அவள் கேட்டாள்: "நான் குண்டாயிட்டேனாக்கா? உன் தையல்ல குத்தம் வராதே."

"கொஞ்சம் பூசினாப்லதான் இருக்கே" என்றேன்.

அன்று ராத்திரி சாப்பாட்டைத் தள்ளிவைத்தாள். அப்புறம் காலையிலும். அவள் இளைக்க இளைக்க, மாதாமாதம் உடுப்புகளைப் பிடித்துக்கொண்டே வந்தேன், அவளிடம் சொல்லவில்லை. எல்லாம் இன்னமும் இறுக்கமாகவே இருக்கிறது என்று நம்பினாள். ஒன்றரை வருடம் போனது. நேற்று மேக்கப் நாற்காலியிலிருந்து எழுந்தவள் அப்படியே சரிந்தாள். வயிற்றில் ஒரு பருக்கைகூட இல்லை என்று டாக்டர் சொன்னதாக நீங்கள்தான் சொன்னீர்கள்.

ஆமாம், நான்தான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள். அவள் பட்டினி கிடக்கக் கூடாது என்றுதான் செய்தேன். அக்காவாக ஒரு குறையும் வைக்கவில்லை. நீ குண்டாகவில்லையடி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அது ஒன்றுதான் அவளுக்கு நான் பட்ட கடன்.