காலி டிஸ்க்

பழைய கம்ப்யூட்டருக்கு இரண்டாவது ஹார்ட் டிஸ்க் போடுவது பெரிய வித்தை இல்லை, பாஸ்டர். நாலு திருகு, ஒரு பட்டை வயர், கொஞ்சம் பொறுமை. மின்னசோட்டாக்காரனுக்குப் பொறுமை சொல்லித் தர வேண்டியதில்லை.

சர்ச்சின் நூறாவது ஆண்டுச் சமையல் புத்தகத்துக்காக ஆர்டிஸ் அம்மாள் நாலு வருஷமாகக் குறிப்புகள் சேர்த்தார். முந்நூற்று எண்பத்தாறு. எழுதிக் கொடுத்தவர்களில் பாதிப் பேர் இப்போது கல்லறையில். எல்லாம் சர்ச் அடித்தளத்திலிருந்த அந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டரில்தான். தட்டச்சு செய்தபின் அவர்கள் கைப்பட எழுதிய சீட்டுகளைக் கிழித்துப் போட்டுவிடலாம், இடத்தை அடைக்கிறது என்று சொன்னது நான். அது நல்ல எண்ணத்தில்தான்.

என் குறிப்பும் கொடுத்திருந்தேன். அரைத்த மாட்டிறைச்சி, மேலே உருளைக்கிழங்கு, நடுவில் செலரி சூப். அடுக்கி அவனில் சுட்டெடுக்கும் என் ஹாட்டிஷ் பாத்திரம் எந்த விருந்திலும் மிச்சத்தோடு வீடு திரும்பியதில்லை. ஆர்டிஸ் அதைத் தூக்கிவிட்டு நம் சர்ச் லவோனின் காளான் சூப் போட்ட ஹாட்டிஷ் குறிப்பை வைத்துக்கொண்டார்.

"ரெண்டும் ஒண்ணுதானே, வெர்லின்? சூப்புதான வேற."

"அதனால என்ன," என்றேன். நம் ஊரில் வேறு எதுவும் சொல்ல முடியாது. ஆனால் எனக்கு வயிறு எரிந்தது.

அச்சுக்குப் போக ஒரு வாரம் இருக்கும்போது, கம்ப்யூட்டர் முனகுகிறது, பயமாக இருக்கிறது என்றார். இன்னொரு டிஸ்க் போட்டு எல்லாவற்றையும் நகல் எடுத்து வைப்போம் என்றேன். சனிக்கிழமை காலை மாட்டினேன். ஜம்பர் என்ற துளிக் கவ்வியைச் சரியான ஊசியில்தான் வைத்தேன். என் வேலையில் குறை காண முடியாது.

எதிலிருந்து எதற்கு நகல் என்று திரை கேட்டது. காலி டிஸ்கிலிருந்து நிறைந்த டிஸ்குக்கு என்று குறித்தேன். இருப்பதெல்லாம் அழியும், நிச்சயமா என்று கேட்டது. கொட்டை எழுத்தில். ஆர்டிஸ் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார்.

"உங்க உழைப்பு. உங்க கையாலயே அமுக்குங்க."

"அய்யோ, நானா? எதையாவது கெடுத்துடப் போறேன், வெர்லின்."

"சும்மா அமுக்குங்க. நான் இருக்கேன்ல?"

அமுக்கினார். நகல் முடியும்வரை இருவரும் காப்பி குடித்தோம். எலுமிச்சைக் கேக் நன்றாக இருந்தது.

பிறகு அவர் காலித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தப்பான பொத்தானை அமுக்கிவிட்டேனா என்று கேட்டார். "யாருக்கும் நடக்கிறதுதான்" என்றேன். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

ஞாயிறு ஆராதனையில் அவர் எழுந்து நின்று, செத்தவர்களின் கையெழுத்தைக்கூட மிச்சம் வைக்காத பாவி நான் என்று அழுதது உங்களுக்குத் தெரியும். யாரும் அசையவில்லை. முதலில் எழுந்துபோய்த் தோளில் கைவைத்தது நான்தான்.

கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் மேல் எனக்குத் துளியும் வருத்தமில்லை. நான் மன்னித்துவிட்டேன், பாஸ்டர். நீங்களும் அவரை மன்னித்துவிடுங்கள்.