குடை விழுந்த கதை

— அந்த நாற்காலியை இந்தப் பக்கம் போடுங்க. சம்பந்தியம்மாவுக்கு இடது காது கேக்காது. நான் வலது பக்கம் உட்காரணும்.

— பிறவியிலேயே அப்படியா?

— தெரியாத மாதிரி கேக்கறீங்களே. அவங்க நாட்டோட நடந்த அந்தச் சண்டையில நம்ம விமானம் போட்ட குண்டு. கல்யாணத்தப்பவே மருமக சொன்னாளே.

— ம்... இன்னிக்குன்னு பார்த்து அந்தப் பேச்சை எடுக்காதே. முதல் தடவையா நம்ம வீட்டுக்கு வராங்க.

— நான் எடுக்கலை. 'நீங்க ரெண்டு பேரும் எப்படிப் பழக்கம்'னு அவங்க கேட்டா?

— பஸ்ல பார்த்தோம்னு சொல்லிடலாம்.

— பஸ்லயா? இத்தனை வருஷமா ஊர் பூரா சொல்லிச் சொல்லிச் சிரிச்ச கதை... டிவி கடை வாசல், மழை, உங்க ஓட்டைக் குடை—

— ஓட்டை இல்லை. ஒரு கம்பி வளைஞ்சிருந்துச்சு, அவ்வளவுதான்.

— என் தோள் பாதி நனைஞ்சுது.

— என் தோள் முழுசா நனைஞ்சுது. அதை எங்கே நீ பார்த்தே?

— பார்த்தேன்... பார்க்காமலா வீடு வரைக்கும் கூட நடந்தேன்?

— காத்து தூக்குச்சுன்னு காம்பை நீயும் சேர்த்துப் பிடிச்சே. முதல்ல நம்ம கை பட்டது அந்தக் கடை வாசல்லதான்.

— அப்புறம் குடை விழுந்துச்சு.

— ரெண்டு பேரும் குனிஞ்சோம். டங்குன்னு மண்டை இடிச்சுது. கொம்பு முளைச்சிடும்னு நீ இன்னொரு தடவை முட்டினே பாரு...

— சிரிக்காதீங்க. குடை ஏன் விழுந்துச்சு?

— மழையில வழுக்கிடுச்சு.

— டிவியில அவங்க ஊர் எரிஞ்சுது. கூட்டமே கைதட்டுச்சு, நாமளும்தான்.

— நாமளா குண்டு போட்டோம்? அந்த அரசாங்கத்துக்கு நான் ஓட்டுகூடப் போடலை.

— நான் போட்டேன். ஆயுதக் கிடங்கைத்தான் அடிச்சோம்னாங்க, நம்பினேன்.

— எல்லாரும்தான் நம்பினாங்க. நாம என்ன பண்ணியிருக்க முடியும்?

— தட்டாம இருந்திருக்கலாம். நம்ம பக்கத்துலயே ஒரு அம்மா, காய்கறிப் பையைக் கீழே வைக்காமலே நின்னாங்களே...

— எனக்கு ஞாபகமில்லை.

— எனக்கு இருக்கு.

— ...என் ஆயுசுலயே அந்த மாதிரி ஒரு சாயங்காலம் அப்புறம் வரலை. அதையும் பஸ்ல ஏத்தி அனுப்பணுமா?

— எனக்கும் மனசு வரலைங்க... சரி, பஸ்னே வெச்சுக்குவோம். ஆனா மருமக கூட இருப்பாளே.

— இருந்தா என்ன?

— அவளுக்குத் தெரியும். போன வாரம் கேட்டா. சொல்லிட்டேன்.

— முழுசாவா?

— முழுசாதான். 'குடை ஏன் அத்தை விழுந்துச்சு'ன்னா.

— நீ என்ன சொன்னே?

— கோச்சுக்காதீங்க... 'குடை அவர் கையில இருந்துச்சு, அவர்தான் தட்டினார், நான் தட்டலை'ன்னுட்டேன். அவ லேசா ஒரு சிரிப்பு சிரிச்சா.

— சிரிக்காம என்ன பண்ணுவா... அதுக்கு முந்தின நாளே என்கிட்ட கேட்டுட்டா. குடை உன் கையில இருந்துச்சுன்னு சொல்லிவெச்சிருக்கேன்.