இருபது நிமிட அக்காவின் ஐந்தாவது ஆள்

மேடையில் வீற்றிருக்கும் கண் மருத்துவர் ஐயா அவர்களே, கடை முதலாளி அவர்களே, அக்காவின் கை பட்டதால் இன்று மாலை போட்ட அவர் படத்தைத் தெளிவாகப் பார்த்து அழும் கண்களே! எல்லோருக்கும் என் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் தாளைப் பார்த்துப் பேசினார்கள். எனக்கு எழுத்து தெரியாது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் விற்கிற கடை வாசலில் இருபத்தாறு வருடம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவன் நான். யார் என்றைக்கு வந்தார், எந்தக் குடையோடு வந்தார் என்பதெல்லாம் மண்டைக்குள் இருக்கிறது.

அவரை யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டோமா? "இருபது நிமிட அக்கா" என்றுதானே! அந்தப் பட்டத்தை எந்தச் சபையும் கொடுக்கவில்லை. பெஞ்சில் காத்திருந்து கடுப்பானவர்கள் கொடுத்தது.

சிலிண்டர் பவர் உள்ளவர்கள் இங்கே பாதிப் பேர் இருப்பீர்கள். உங்கள் கருவிழி பந்து போல ஒரே சீராக வளையவில்லை. ஒரு பக்கம் கூடுதல் வளைவு. மற்றவர்களுடைய லென்ஸ் கண்ணில் எப்படிச் சுற்றினாலும் கவலையில்லை. உங்களுடையது கொஞ்சம் திரும்பினாலும் ஒரு விளக்கு இரண்டாகும். அதனால்தான் உங்கள் லென்ஸின் அடியில் மயிரிழை போல ஒரு கோடு இருக்கும். அந்தக் கோடு எங்கே நிற்கிறது என்று பார்க்காமல் அக்கா ஒருவரையாவது அனுப்பியதுண்டா? லென்ஸைப் போட்டு இருபது நிமிடம் உட்காரவைப்பார். இமை சிமிட்டு என்பார், படி இறங்கி ஏறு என்பார். பிறகு விளக்குக் கருவியில் பார்ப்பார். கோடு விலகியிருந்தால் வேறு ரகம், மறுபடி இருபது நிமிடம்!

ஒரு மாப்பிள்ளை குதித்தார்: "அக்கா, கல்யாணத்துக்கு முன்னாடியாவது விடுவீங்களா?"

"பொண்ணு ஒண்ணா ரெண்டான்னு உனக்குத் தெரிய வேண்டாமாடா? உக்காரு!"

சிரித்தீர்களே, போதும். இனிச் சொல்லப்போவது சிரிக்கிற விஷயமல்ல.

போன மாதக் கடைசிச் சனிக்கிழமை. அக்காவுக்கு மூச்சு வாங்கியது, உதடு நீலம் பாய்ந்திருந்தது. பெஞ்சில் ஐந்து பேர். "வீட்டுக்குப் போம்மா" என்றேன். "இவங்க கோட்டைப் பாத்துட்டுப் போறேண்ணே" என்றார். அவர் இருப்பது இருட்டறை. அவருக்குக் கடிகாரம் நான்தான். பத்து நிமிடம் ஆனதும் "இருபது ஆச்சும்மா" என்றேன். பொய்! அவர் சீக்கிரம் போய்ப் படுக்கட்டும் என்று சொன்ன பொய்! என்னை நம்பினார். ஐந்து பேர் கண்ணிலும் கோடு நேராகத்தான் நின்றது. அனுப்பிவிட்டார்.

திங்கட்கிழமை அவர்களில் ஒரு பெண் திரும்பி வந்தார். "சுவரெல்லாம் இழுத்துக்கிட்டுத் தெரியுதுக்கா." கோடு சாய்ந்து கிடந்தது.

"எத்தனை நிமிஷம்ணே குடுத்தீங்க?"

சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "இந்தப் புது ரகம் மெதுவா சுத்துதுண்ணே. பத்து நிமிஷத்துல நல்ல பிள்ளையா நிக்கும், அப்புறந்தான் சாயும். மத்தவங்களையும் கூட்டிட்டு வாங்க" என்றார்.

மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேருக்கும் கோடு திரும்பியிருந்தது. ஐந்தாவது ஆள் வரவில்லை. போனை எடுக்கவில்லை. அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். வேனில் பதினெட்டுப் பிள்ளைகள்.

வியாழக்கிழமை, ஆஸ்பத்திரிக் கட்டிலில், மூக்கில் குழாயோடு அக்கா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "அஞ்சாவது ஆள் வந்தாராண்ணே?" இல்லை என்றேன். இந்த முறை பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதோடு மூடிய கண்ணை அவர் திறக்கவே இல்லை.

சபையோரே! அந்த ஐந்தாவது ஆள் இன்று இங்கே வந்திருக்கிறார். திரும்பிப் பார்க்காதீர்கள். வாசலில் இல்லாத படியில் ஏறக் காலைத் தூக்கினார். அக்காவின் படத்தைத் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு பார்த்தார். லென்ஸ் திரும்பினால் ஆள் தலையைச் சாய்த்துச் சரிக்கட்டுவார். நாள் போனால் "நல்லாத்தான் தெரியுது" என்பார். நல்லா எதுவரைக்கும் தெரியும்? எந்தத் திருப்பம் வரைக்கும் தெரியும்?

தம்பி, வேலை போய்விடும் என்றுதானே போனை எடுக்கவில்லை? தப்பு உங்கள் கண்ணில் இல்லை, என் வாயில் இருக்கிறது. முதலாளி காது கேட்கச் சொல்லிவிட்டேன். போகிற வேலை என் வேலையாக இருக்கட்டும்.

அக்காவின் பணியைத் தொடர்வோம் என்று எல்லோரும் சூளுரைத்தீர்கள். என் சூளுரை சின்னது. நான் உட்கார்ந்திருக்கும்வரை இருபது நிமிடத்துக்கு முன் அந்தப் பெஞ்சிலிருந்து ஒருவரும் எழமாட்டார். யார் மேல் எவ்வளவு பாசம் இருந்தாலும் கடிகார முள்ளை நான் முந்தமாட்டேன்.

மணி மூன்று பத்து. பள்ளி விடுவது நான்கு மணிக்கு. வெளியே மழை இருட்டிக்கொண்டு வருகிறது. அக்காவிடம் தொழில் பழகிய பெண் விளக்குக் கருவியோடு பக்கத்து அறையில் காத்திருக்கிறார்.

இப்போது எல்லோரும் எழுந்து, கண்ணை மூடி, மௌனமாக நிற்போம். தம்பி, உங்களை யாரும் பார்க்கமாட்டார்கள். அந்த வேன் சாவியை அக்காவின் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுப் பக்கத்து அறைக்குப் போங்கள். மேசையில் சாவிச் சத்தம் கேட்டபிறகுதான் இந்த அஞ்சலி முடியும்.

எல்லோரும் கண்ணை மூடுங்கள். நான் மூடமாட்டேன்.