நாயின் பெயர் சொட்டு

மகள்: செத்துப்போச்சுன்னு சொல்லிடலாம்ப்பா.

அப்பா: எப்படிச் செத்துச்சுன்னு கேப்பாங்களே.

மகள்: லாரியில அடிபட்டு.

அப்பா: நம்ம சந்துல சைக்கிளே ஹாண்டிலை மடக்கிக்கிட்டுத்தான் வருது. லாரி எங்கேருந்து வரும்?

மகள்: அப்ப சைக்கிள்ல அடிபட்டு.

அப்பா: சைக்கிள்ல அடிபட்டுச் சாகிற நாயை யார் நம்புவாங்க? அந்தக் கிளிப்பை எடு. சட்டை பறக்குது பார்.

மகள்: நாய்னு ஆரம்பிச்சதே நீங்கதான். நான் கேட்டேனா?

அப்பா: தினம் காலையில, ரெண்டு வீட்டுக்கும் பொதுவான இந்த மொட்டைமாடியில, நம்ம கொடியில உன் போர்வை காஞ்சுது. பக்கத்து வீட்டுத் தபால்காரத் தாத்தா, என்னப்பா தினமும்னு கேட்டார். வாயில வந்தது நாய். உன் பேரைச் சொல்லியிருக்கணுமா?

மகள்: ...வேணாம்.

அப்பா: அப்புறம்?

மகள்: ஆனா அதுக்குச் சொட்டுன்னு பேர் வெச்சீங்க பாருங்க.

அப்பா: குழாய் ரிப்பேர் பண்றவனுக்கு வேற என்ன பேர் தோணும்? வாஷர்னு வெக்காம விட்டேனே.

மகள்: சிரிக்காதீங்கப்பா. தாத்தாவோட பேத்தி பத்து மணிக்குச் சொட்டைப் பாக்க வர்றா. நாயே இல்லைன்னு தெரிஞ்சா, போர்வையை யார் நனைச்சதுன்னு கேப்பா. அவ என் கிளாஸ். நாளைக்கு அட்டெண்டன்ஸ் எடுக்கறதுக்குள்ள ஸ்கூல் பூராவும்... அப்புறம் நான் ஸ்கூலுக்கே போக மாட்டேன்.

அப்பா: இப்பதான் நனையறதே இல்லையே. பதினஞ்சு நாள் ஆச்சு.

மகள்: பதினாறு. நேத்தையும் சேத்துக்கணும்.

அப்பா: பதினாறு. டாக்டர் திட்டாதீங்கன்னார், திட்டலை. உங்கம்மா மூணு அலாரம் வெச்சா. மூணுக்கும் எழுந்து போனது நான்.

மகள்: அலாரத்தால நிக்கலை. படுக்கறதுக்கு முன்னாடி சொட்டைப் பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போன்னு நீங்க சொன்னீங்கல்ல, அதான்.

அப்பா: நிஜமாவே கூட்டிட்டுப் போனியா?

மகள்: தினமும். அது போற வரைக்கும் நான் சும்மா நிக்க முடியுமா? நானும் போனேன். கதை கேட்டு முடிச்சா அதுக்கு மறுபடி வரும். மறுபடி ரெண்டு பேரும் போவோம்.

அப்பா: ஊர்ல பாதிக் குழாயை நான் நிறுத்தியிருக்கேன். இதை நிறுத்தினது நீ.

மகள்: சொட்டு.

அப்பா: சரி, சொட்டு. அதைத்தான் இப்ப எப்படிக் கொல்றதுன்னு பேசிட்டிருக்கோம். நல்ல குடும்பம்.

மகள்: அப்பா... செருப்புச் சத்தம். தாத்தா வர்றார்.

அப்பா: நான் பேசிக்கறேன். நீ வாயைத் திறக்காதே.

தபால்காரர்: அப்பாவும் பொண்ணும் என்ன மாநாடு?

அப்பா: வாங்க ஐயா. ஆபரேஷன் ஆன உடம்பு, வாளியைத் தூக்கிட்டு மாடி ஏறலாமா?

தபால்காரர்: முப்பத்தாறு வருஷம் தபால் மூட்டை சுமந்தவன்ப்பா. நான்தான் ரிட்டயர் ஆனேன், தோள் ஆகலை. ஆஸ்பத்திரியிலேருந்து வந்து பதினாறு நாள் ஆச்சு. எத்தனை நாள்தான் ஃபேனையே பாத்துக்கிட்டுப் படுத்திருக்கறது?

மகள்: வாளியில என்ன தாத்தா? துண்டு போட்டு மூடியிருக்கு.

தபால்காரர்: துணிம்மா.

மகள்: உங்க வீட்டு அத்தைதானே தோய்ப்பாங்க?

தபால்காரர்: கைக்கு ஒரு பயிற்சி. அது கிடக்கட்டும். இன்னிக்கும் உங்க போர்வையைக் காணோமே. சொட்டைக் காணோமேன்னு வீட்ல கேட்டா, பேத்தி என் தலையைத் தொட்டுக் காட்டறா.

அப்பா: சொட்டு... வந்து...

மகள்: சைக்கிள்ல அடிபட்டு...

அப்பா: அடிபடலை, அடிபடலை. சைக்கிளைப் பாத்துப் பயந்து உள்ளேயே கிடக்கு.

தபால்காரர்: உயிரோடதானே இருக்கு?

அப்பா: இப்போதைக்கு.

மகள்: சாயங்காலம் செத்துடும்.

அப்பா: குட்டி, நீ சும்மா இரு.

தபால்காரர்: பாவம். நாய்ங்க மேல எனக்குப் பெரிய மதிப்பு உண்டும்மா. ஒரு வீட்டு நாய் பதிவுத் தபாலுக்கு மட்டும்தான் கடிக்கும். சாதாக் கடுதாசின்னா போயிட்டு வான்னு விட்டுடும். இன்னொரு வீட்ல, மைப்பெட்டியில காலை வெச்சு, கையெழுத்தே போட்டுச்சு.

மகள்: பொய்.

தபால்காரர்: மேலதிகாரியே கூப்பிட்டுக் கேட்டார், இது என்னய்யா காலடின்னு. அந்த வீட்ல படிச்சவர் இவர் ஒருத்தர்தான்னு எழுதிக் குடுத்தேன். அதனால இந்தக் கெண்டைக்கால் இருக்கே, நாய் இருக்கிற வீடுன்னா அம்பது அடி முன்னாடியே துடிக்கும். உங்க வாசலை நாலு மாசமா தாண்டறேன்...

அப்பா: ...துடிக்குதா?

தபால்காரர்: அசையலை.

அப்பா: ரொம்ப அமைதியான நாய் ஐயா அது.

தபால்காரர்: அப்படித்தான் நானும் நினைச்சுக்கிட்டேன். அதுக்குன்னு குடுத்த பிஸ்கட்டெல்லாம் தின்னுச்சா?

மகள்: தின்னுச்சு. கிரீம் வெச்சதுதான் பிடிக்குமாம்.

தபால்காரர்: தெரியும். உதட்டுல ஒட்டியிருந்தது.

மகள்: யார் உதட்டுல?

தபால்காரர்: சொட்டோட உதட்டுலதான். வேற யார் உதட்டுல?

அப்பா: ஐயா, பேத்தி பத்து மணிக்கு வர்றதா...

தபால்காரர்: வர மாட்டா.

மகள்: ஏன்?

தபால்காரர்: என் கால் தழும்பைக் காட்டி, இது சொட்டு கடிச்சதுன்னு சொல்லிட்டேன். இனிமே உங்க வாசப்படி மிதிக்க மாட்டாளாம்.

மகள்: சொட்டு யாரையும் கடிக்காது.

அப்பா: விடு குட்டி. கடிச்சுதுன்னே வெச்சுக்கோ.

மகள்: அது எப்படிப்பா? அநியாயமா பழி போடறார்.

தபால்காரர்: மன்னிச்சுக்கோம்மா. அவ வந்து பாத்து, சொட்டு இல்லைன்னு ஆயிட்டா எனக்கு ஆபத்து.

அப்பா: உங்களுக்கு என்ன ஆபத்து?

தபால்காரர்: படியேறும்போது உங்க பேச்சு காதுல விழுந்தது. அதைக் கொன்னுடாதீங்கப்பா. இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டுப் போகட்டும்.

அப்பா: உங்ககிட்ட மறைக்கறதுக்கு என்ன இருக்கு, ஐயா... அந்த நாய்...

தபால்காரர்: நீ ஒண்ணும் சொல்லாதே, எனக்கு ஒண்ணும் தெரியாது. உங்க கொடியில போர்வை காஞ்சா, சொட்டு வேலைன்னு பேசாம போயிடறாங்க. எங்க கொடியில காஞ்சா மருமக நின்னு கேப்பா.

அப்பா: போர்வையா... எந்தப் போர்வை?

மகள்: தாத்தா, அந்த வாளியை இப்படிக் குடுங்க.

அப்பா: அடுத்தவங்க துணியைத் தொடாதேம்மா.

மகள்: நீங்க சும்மா இருங்கப்பா. ஆறு கிளிப் எடுங்க. டபுள் போர்வை.

அப்பா: ...இந்தா.

மகள்: தாத்தா, நல்லா கேட்டுக்கோங்க. படுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை கூட்டிட்டுப் போகணும்.

தபால்காரர்: ரெண்டு தடவை.

மகள்: அது போற வரைக்கும் நீங்களும் சும்மா நிக்கக் கூடாது. தண்ணியெல்லாம் பகல்லயே குடிச்சுடணும்.

தபால்காரர்: சரிம்மா.

மகள்: நனைச்சா திட்டக் கூடாது.

தபால்காரர்: யாரு?

மகள்: யாருமே. நீங்களும்தான். திட்டினா மறுநாளும் நனைக்கும். எங்க வீட்ல நிக்கறதுக்கு நாலு மாசம் ஆச்சு, அதனால அவசரப்படாதீங்க. பிஸ்கட் இனிமே நான் கொண்டு வர்றேன்.

தபால்காரர்: கிரீம் வெச்சதா?

மகள்: கிரீம் வெச்சதுதான். சரி, சொட்டை இன்னிக்கே கூட்டிட்டுப் போறீங்களா, இல்லை நாளைக்கு நான் கொண்டுவந்து விடட்டுமா?

தபால்காரர்: எதுக்கும்மா உனக்கு அலைச்சல்... பதினாறு நாளா அது எங்க வீட்லதான் படுத்திருக்கு.