பூட்டு காயலில், சாவி துபாயில்

அவைக்கு அழகாய் நடுவே அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே! கறுப்பு அங்கிக்குள் கனிவையும் வைத்திருக்கும் வழக்கறிஞர் பெருமக்களே! மணியைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் நடுவர் அவர்களே! உப்பள வெயிலிலிருந்து நேரே வந்து மின்விசிறிக்கு அடியில் இடம்பிடித்துவிட்ட தாய்மார்களே! விளாத்திகுளத்திலிருந்தும் உடன்குடியிலிருந்தும் பேருந்து மாறி வந்திருக்கும் சக போட்டியாளர்களே! காயல்பட்டினத்து ஆமிராவின் அன்பு வணக்கம்.

'எந்த வழக்கு எந்த நீதிமன்றத்துக்கு?' இதுதான் எனக்குத் தந்த தலைப்பு. நூலகத்தில் மூன்று புத்தகம் எடுத்தேன். மூன்றையும் மூடி வைத்துவிட்டு, எங்கள் வீட்டு முடுக்கைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

முடுக்கு என்றால் என்ன? எங்கள் ஊரில் வீடுகளின் பின்புறமாகப் பெண்கள் நடப்பதற்கென்றே விட்டிருக்கும் ஒடுக்கமான சந்து. அகலம் சிறிது, அங்கே பேசப்படும் செய்தி பெரிது! தாய்மார்கள் சிரிக்கிறார்கள், அவர்களுக்குத் தெரியும்.

என் உம்மா பதுருன்னிஸா பின்கட்டு அறையில் தையல் வகுப்பு நடத்துகிறார். வாப்பா இறந்த பிறகு அந்த வகுப்பால்தான் எங்கள் அடுப்பு எரிகிறது. அந்த அறைக்கு முடுக்கு ஒன்றே வழி. அந்த வழியில்தான், அடுத்த வீட்டு அக்கா ஜஹ்ரா லாத்தாவின் கணவர் அஃப்ஸல் மச்சான், விடுமுறைக்கு வந்தபோது ஓர் இரும்புக் கேட்டைப் போட்டார். சாதாரணக் கேட்டா? கைப்பேசியில் திறக்கும் கேட்! கேமரா வைத்த கேட்! பூட்டிவிட்டு விமானம் ஏறிவிட்டார். பூட்டு காயலில், சாவி துபாயில்!

மாணவிகள் வந்தார்கள், கேட்டைப் பார்த்தார்கள், திரும்பினார்கள். தையல் மிஷின்கள் ஊமையாயின. உம்மா மட்டும் தினமும் அவற்றுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

பொங்கி எழுந்தார் வாப்பாவின் தம்பி, எங்கள் வாவு சாச்சா. "பெரிய மீன் வேணும்னா தூத்துக்குடிக்குத்தானே போறோம்? பெரிய நியாயத்துக்கும் அங்கனதான் போகணும்!" என்று எங்களை அழைத்துக்கொண்டு வழக்கறிஞர் கிருபாநிதி அவர்களிடம் வந்தார். வழியெல்லாம் உம்மாவுக்கு ஒரே கவலை.

"வக்கீல் சார், எதிராளி துபாயில இருக்காரு. அப்போ துபாய் கோர்ட்டுக்கா போகணும்? எனக்குப் பாஸ்போர்ட்டு கூடக் கிடையாதே!"

அவர் சிரிக்காமல் கேட்டார்: "எதிராளி கிடக்கட்டும்மா. முடுக்கு எங்கன இருக்கு?"

"காயல்பட்டினத்துல."

"அப்போ திருச்செந்தூர் கோர்ட்டுக்குப் போங்க. நிலத்து வழக்குன்னா நிலம் கிடக்கிற இடத்து கோர்ட்டுதான் விசாரிக்கும். பாய், உங்களுக்குப் பஸ் செலவு மிச்சம்!"

அவையோரே, எண்ணிப் பாருங்கள். நம் துறைமுகத்தில் கப்பல் வரும், கப்பல் போகும். உப்பு போகும், கருப்பட்டி போகும், ஆளும் போவான். நிலம் போகுமா? முடுக்கு மூட்டை கட்டுமா? முடுக்கு விமானம் ஏறுமா? கொற்கையின் முத்து கடல் கடந்து போனது. கொற்கையை விட்டுக் கடலே விலகிப் போனது. கொற்கை போனதா? இருந்த இடத்தில்தானே இருக்கிறது! ஆள் ஆயிரம் காதம் போனாலும் நிலத்தின் நியாயம் நிலத்தின் அருகிலேயே நிற்கும். இதைத்தான் புத்தகம் 'நீதிமன்ற அதிகார எல்லை' என்கிறது.

திருச்செந்தூரில் வழக்குப் போட்டோம். இரு தரப்பும் சம்மதித்ததால் வழக்கு மக்கள் நீதிமன்றத்துக்குச் சென்றது. அங்கே போக உம்மாவும் நானும் ஆட்டோ பிடித்தோம். துணைக்கு யார் வந்தார் தெரியுமா? எதிராளியின் மனைவி ஜஹ்ரா லாத்தா!

அமர்வின் தலைவர், ஓய்வுபெற்ற நீதிபதி ஈவாஞ்சலின் அம்மையார். கைப்பேசித் திரையில் அஃப்ஸல் மச்சான்.

"மேடம், என் வீட்டு முடுக்குல நான் கேட் போடுதேன். திருடன் வந்தா யாரு பொறுப்பு?"

"நல்லது தம்பி. வீடு யார் பேர்ல இருக்கு?"

மச்சான் கைப்பேசியைத் தட்டிப் பார்த்தார். "மேடம்... இங்க நெட்வொர்க் சரியில்ல."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. "இங்கன நல்லாத்தான் இருக்கு, மேடம். வீடு என் பேர்ல இருக்கு. எங்க ஊர்ல வீட்டைப் பொண்ணுக்குத்தானே குடுப்பாங்க!"

ஊரறிந்த வழக்கம். கோபத்தில் எங்கள் எல்லோருக்கும் மறந்துபோன வழக்கம்! உம்மா அப்படியே திரும்பினார்.

"ஏளா, அப்போ நீயாளா என் எதிராளி? நேத்து சுவருக்கு மேல உனக்குத்தானே இறால் வடை குடுத்தேன்!"

"அதைத் தின்னுட்டுத்தான் மாமி வந்திருக்கேன்." பிறகு லாத்தா திரையைப் பார்த்தார். "கேட்டைத் திறங்கன்னு நான் சொன்னப்போ, உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னீங்க. இப்போ மேடம் கேக்காங்க. சொல்லுங்க, வீட்டுக்காரி நான் சொன்னாத் திறப்பீங்களா, மாட்டீங்களா?"

நடுவர் அவர்களே, மணியை அடித்துவிடாதீர்கள்! கேட் இன்னும் திறக்கவில்லை!

மச்சான் தலையைச் சொறிந்தார், சிரித்தார். "வீட்டுக்காரி சொன்னா அப்பீல் ஏது?"

பகலெல்லாம் கேட் திறந்திருக்கும். இரவில் மட்டும் பூட்டப்படும். கையால் திறக்கும் பூட்டு. உம்மாவிடம் ஒரு சாவி, லாத்தாவிடம் ஒரு சாவி. எழுதிக் கையெழுத்திட்டார்கள். மக்கள் நீதிமன்றத்தில் இப்படி முடிந்தது முடிந்ததுதான், மேல்முறையீடு கிடையாது. வென்றவர் யார், தோற்றவர் யார்? தேடிப் பார்த்தேன், தோற்ற முகம் ஒன்றுகூட அங்கே இல்லை. வீட்டில் எவரும் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்பதற்குத்தான் நீதிமன்றம் இருக்கிறது என்று அன்று கண்டேன். வழி எங்கே என்று கேட்டது, வழி கிடைத்தது. வீடு யாருடையது என்று கேட்டது, வீட்டுக்காரியின் குரல் கிடைத்தது!

நாங்கள் படியிறங்குவதற்குள் என் தோழி சந்தனச்செல்வி கைப்பேசியில் அலறினாள். வகுப்பு உண்டா என்று பார்க்க முடுக்குக்கு வந்திருந்தாளாம்.

"ஏளா ஆமிரா! கேட்டு தானா திறக்குது! பக்கத்துல ஆளே இல்ல! பேயா என்னன்னு தெரியலயே!"

துபாயில் இருந்து மச்சான் கடைசியாக ஒருமுறை பொத்தானை அழுத்தியிருக்கிறார்.

நான் சொன்னேன்: "பேய் இல்லளா, மக்கள் நீதிமன்றம்! உள்ள போய் மிஷின்ல உக்காரு, உம்மா வந்துக்கிட்டே இருக்காங்க!"

இந்தச் சீருடை அந்த மிஷினில் தைத்ததுதான். செவி தந்த அவைக்கும், மணியைப் பொறுத்துப் பிடித்த நடுவருக்கும், வழி விட்ட ஜஹ்ரா லாத்தாவுக்கும் என் நெஞ்சின் நன்றி. அஸ்ஸலாமு அலைக்கும், அனைவருக்கும் வணக்கம். இப்போது மணியை அடியுங்கள், ஐயா!