குலுங்காத லாரி

“டயர்ல காத்தை நான்தான் குறைச்சு வச்சிருக்கேன், மச்சான்.”

சிங்கப்பூரில் தேக்காவிலிருந்து ஜூரோங் போகும் பேருந்து. என் முன்னிருக்கையில் ஒரே கம்பெனியின் லாரி ஓட்டுநர்கள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். இதைச் சொன்னவர் மெலிந்தவர், மற்றவர் தாடிக்காரர்.

“அதான் டீசலைக் குடிக்குது. லாரியை உங்கிட்டேருந்து எடுத்து எனக்குத் தரேன்னு பாஸ் சொல்றாரு. பின்னாடி என்ன பாரம்?”

“கல்லாப்போன சிமெண்ட் மூட்டை ஆறு. காத்து குறைஞ்சு பாரமும் இருந்தா, பின்னாடி உட்கார்ந்து வேலைக்கு வர்ற பசங்களுக்குக் குலுங்காது.”

தாடிக்காரர் சிரித்தார். “மூட்டையை இறக்கு, காத்தைச் சரியா அடி. பத்து நிமிஷம் முன்னாடி கிளம்பி மெதுவா ஓட்டு. டீசலும் மிச்சம், குலுங்கவும் குலுங்காது.”

“பத்து நிமிஷத் தூக்கம் போயிடுமே அவனுங்களுக்கு.”

“குலுங்கலைன்னா லாரியிலயே தூங்குவானுங்க லா. பாஸ்கிட்ட ஒரு வாரம் பொறுக்கச் சொல்றேன்.”