நீலப் பெட்டிக்குள் இருந்தவர்கள்

டிராலி பெட்டி வாங்க வருகிறவர்கள் எல்லோரும் சக்கரத்தைத்தான் உருட்டிப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது ஜிப்பை. சக்கரம் போனால் தூக்கிக்கொண்டு நடக்கலாம். ஜிப் போனால் நம் துணிமணியை விமான நிலையமே வேடிக்கை பார்க்கும். செங்கல்பட்டு பஜாரில் இத்தனை வருஷமாகப் பெட்டி விற்கிறேன், இதை எந்த வாடிக்கையாளரிடமும் மறைத்ததில்லை. பொதுவாகவே நான் எதையும் மறைக்கிற ஆள் கிடையாது. யாராவது கேட்டால் சொல்லிவிடுவேன். இந்த விஷயத்தில் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். இப்போது நீங்கள் கேட்கிறீர்கள்.

என் பெயர் அப்துல் அஹத். இந்த விளையாட்டுக்கு என்னை இழுத்து வந்தது கவியா. பரனூர்ப் பக்கம் ஏதோ கம்பெனியில் வேலை பார்க்கிற பெண். ஒரு நாள் கடைக்கு வந்து, "பாய், தண்ணி உள்ள போவாத பவுச் கீதா? மழையில கெடந்தாலும் நனையக் கூடாது" என்றாள். எதற்கு என்று கேட்டேன். சொன்னாள்.

உலகம் முழுக்கச் சில பேர் சின்னச் சின்ன டப்பாக்களை ஒளித்து வைக்கிறார்களாம். எங்கே என்று இணையத்தில் குறிப்பு போடுவார்களாம். மற்றவர்கள் போனைக் கையில் வைத்துக்கொண்டு தேடிப் போய், டப்பாவைக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் தாளில் பெயரெழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவார்களாம். ஜியோகேச்சிங் என்று பெயர். சில டப்பாக்களில் ஒரு விருந்தாளி இருக்கும். ஒரு பொம்மையோ சாவிக்கொத்தோ, அதோடு கோத்த ஓர் உலோக வில்லை. வில்லையில் ஒரு எண். அதை டிராக்கபிள் என்கிறார்கள். ஆஸ்திரியாவில் ஒருவர் அனுப்பியது கை மாறி, டப்பா மாறி, கடப்பாக்கம் வரைக்கும் வரும். எடுத்தவர் எண்ணை இணையத்தில் பதிந்துவிட்டு அடுத்த டப்பாவில் சேர்த்துவிட வேண்டும். அனுப்பியவர் தன் வீட்டில் உட்கார்ந்து, அது எங்கெல்லாம் போயிருக்கிறது என்று வரைபடத்தில் பார்த்துக்கொண்டிருப்பார்.

"நடுவுல யாராவது எடுத்து வச்சிக்கினா?" என்று கேட்டேன்.

"அப்டி யாரும் செய்ய மாட்டாங்க பாய். நம்பிக்கைதான்."

பூட்டுப் போட்ட பெட்டி விற்கிறவனிடம் வந்து நம்பிக்கை என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் அவர்கள் வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்துகொண்டேன்.

முதலில் எடுத்தது பென்குயினை. ஆலம்பரைக் கோட்டைச் சுவரின் இடுக்கில் இருந்த டப்பாவுக்கு மூடி உடைந்திருந்தது. உள்ளே உப்புத் தண்ணீர். கம்பளியில் செய்த பென்குயின், நார்வேக்காரி ஒருத்தி அனுப்பியது, ஊறிப்போய்க் கிடந்தது. மனிதனாகப் பிறந்தவன் அதை விட்டுவிட்டு வருவானா? வீட்டுக்குக் கொண்டுவந்து ஷாம்பு போட்டுக் கழுவி, மாடிக் கொடியில் கிளிப் மாட்டிக் காயவைத்தேன். என் மனைவி ரோஷன் பீவி துணி எடுக்க வந்தவள் பார்த்தாள்.

"இன்னாங்க இது? பொம்மைய குளிப்பாட்டிகினு கீறீங்க?"

"நனைஞ்சிருச்சு" என்றேன். அது உண்மைதானே.

காய்ந்ததும் அடுத்த டப்பாவில் வைத்துவிடுவதாகத்தான் இருந்தேன். அடுத்த டப்பா நெம்மேலியில், கடலைப் பார்த்தபடி. போய்ப் பார்த்தேன். இப்போதுதான் காய வைத்தவனை மறுபடியும் உப்புக் காற்றில் நிறுத்துவதா? அங்கே ஏற்கெனவே ஒரு ஜப்பான் பூனை வேறு துருப்பிடித்த சங்கிலியோடு இருந்தது. இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். திருக்கழுக்குன்றத்தில் மலைப்படி ஓரம் இருந்த டப்பாவில் ஒரு கனடா கரடி; அங்கே குரங்குத் தொல்லை. அதற்குப் பிறகு எடுத்தவற்றுக்கும் தனித்தனிக் காரணம் இருக்கிறது. காரணமில்லாமல் நான் எதையும் தொட்டதில்லை.

ஒவ்வொன்றுக்கும் அளவு பார்த்து ஒரு பர்ஸ் கொடுத்தேன். எல்லாவற்றையும் கடையில் ஒரு நீல டிராலி பெட்டியில் வைத்தேன். நல்ல பெட்டி, நிறம்தான் யாருக்கும் பிடிக்காது, அதனால் விற்காது. மத்தியானம் கூட்டம் இல்லாதபோது ஒவ்வொன்றாக எடுத்து, எண்ணைத் தட்டி, அது வந்த வழியைப் படிப்பேன். பனி, ரயில், பாலம், ஏரி என்று போட்டோக்கள் இருக்கும். எனக்கும் பாஸ்போர்ட் உண்டு. காலாவதி ஆனபோதெல்லாம் புதுப்பித்திருக்கிறேன். ஒவ்வொரு பக்கமும் அப்படியே வெள்ளையாக, மடிப்புக்கூட விழாமல் இருக்கிறது. கடையை விட்டு எங்கே போவது? ஆனால் அந்த மாதங்களில் என் வியாபாரம் நன்றாக நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். "ஃபிராங்க்பர்ட்ல இறங்குறீங்களா, அப்போ கையில ஒரு ஸ்வெட்டர் வச்சிக்கோங்க" என்பேன். வாடிக்கையாளர்கள் மரியாதையாகப் பார்ப்பார்கள்.

குழுவில் மெல்லப் புலம்பல் ஆரம்பித்தது. போன இடத்தில் வில்லை இல்லை, இந்த டப்பாவும் காலி என்று செய்தி வரும். நார்வேக்காரி கவியாவுக்கு எழுதியிருந்தாள். அந்தப் பென்குயினைப் பின்னியது அவளுடைய மகளாம். நான் உடனே ஆறுதலாகப் பதில் போட்டேன். கடற்கரைக் காற்றின் தன்மை, குரங்குகளின் சுபாவம் இரண்டையும் விளக்கினேன். நிதானமான மனுஷன் என்று எல்லோருக்கும் என் மேல் மதிப்பு. காணாமல் போனவற்றைத் தேட ஒரு கமிட்டி போட்டு, என்னையே தலைவராக வைத்தார்கள். நான் கேட்டு வாங்கவில்லை. தலைவர் என்ற முறையில் எல்லா டப்பாவையும் அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. போன இடத்தில் டப்பாவுக்குள் யாராவது இருந்தால் பத்திரப்படுத்த வேண்டியும் இருந்தது.

ஜான்சன் விஷயத்தைத் தப்பாகச் சொல்கிறார்கள். அவன் ஈ.சி.ஆர். ரோட்டில் வாடகைக் கார் ஓட்டுகிறவன், எந்த டப்பா வந்தாலும் முதல் ஆளாகப் போய்ப் பெயர் எழுதுகிறவன். அவன்தான் எடுத்தான் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஜான்சனுடைய கார் எல்லா இடத்துக்கும் போகிறது என்று மட்டும்தான் சொன்னேன். கார் என்றால் போகத்தானே செய்யும். மற்றதை அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். அவன் குழுவை விட்டு விலகியபோது, "நல்ல பையன், என்ன கஷ்டமோ" என்று எழுதியவன் நான் ஒருத்தன்தான்.

இனி விசிலுக்கு வருகிறேன். அதைத்தானே கேட்க வந்தீர்கள்.

ஜெசிந்தா செங்கல்பட்டில் நர்ஸ். அவள் வீட்டுக்காரர் ஜெபகுமார் பி.டி. மாஸ்டர், கால்பந்துப் பைத்தியம். வெளிநாட்டில் ஒரு மேட்சாவது பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்து, மாரடைப்பில் போய்விட்டார். அவருடைய எவர்சில்வர் விசிலில் ஜெசிந்தா ஒரு வில்லையைக் கோத்து அனுப்பினாள். 'எங்கே பந்து ஆடுகிறார்களோ, அங்கே என்னை ஊதுங்கள்' என்று அதற்கு ஒரு வேண்டுகோள் எழுதியிருந்தாள். ஊதியிருக்கிறார்கள். போர்ச்சுகலில் ஒரு பள்ளிக்கூடத்தில், பிரேசிலில் கடற்கரையில், இன்னும் எங்கெங்கோ. அவள் ஒவ்வொரு வீடியோவையும் குழுவில் போடுவாள். அப்புறம் ஒரு பிரெஞ்சுக்காரர் அதை மாமல்லபுரத்தில், கலங்கரை விளக்கத்துக்குப் போகிற வழியில் இருக்கும் டப்பாவில் வைத்துவிட்டுப் போனார். அவளுக்கு டியூட்டி. ஞாயிற்றுக்கிழமை போய் ஒரு தடவை கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, அர்ஜென்டினா போகிற யாரிடமாவது கொடுக்கப் போவதாக எழுதினாள்.

நான் சனிக்கிழமை போனேன்.

யோசித்துப் பாருங்கள். அத்தனை தேசம் சுற்றி, பத்திரமாகச் சொந்த ஜில்லாவுக்குத் திரும்பிய மனுஷன். அவரை மறுபடியும் அர்ஜென்டினாவுக்குத் துரத்துவதா? ஜெசிந்தாவுக்குத் துக்கத்தில் அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது. நான் அந்த விசிலை ஊதினேன் என்று பேசிக்கொள்வது பொய். ஒரே ஒரு தடவை, ஷட்டரை இறக்கிவிட்டு, மெதுவாக ஊதினேன். உள்ளே தண்ணீர் போயிருக்கிறதா என்று பார்க்கத்தான்.

அடுத்த வாரம் ஜெசிந்தா கடைக்கு வந்தாள், கமிட்டித் தலைவரைப் பார்க்க. ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தேன். டீ வரவழைத்தேன்.

"பாய், டப்பாவ நாலு வாட்டி கவுத்துப் பாத்துட்டேன். புல்லுல எல்லாம் தேடிட்டேன்" என்றாள். "அது எனக்குத் திரும்பி வராட்டிகூட பரவால்ல. யாரு கையில கீதுன்னு தெரிஞ்சா போதும். அவரு எங்கியோ ரோட்ல கெடக்குற மாரியே தோணிகினு கீது. தூக்கம் வர்ல."

"ரோட்ல இருக்காதும்மா. யாராவது நல்ல மனுஷன் பத்திரமாதான் வச்சிருப்பாரு" என்றேன்.

"நெஜமாவா சொல்றீங்க?"

"எனக்கு அப்படித்தான் படுது."

கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். வரும்போது இருந்ததைவிட முகம் தெளிந்திருந்தது. நீலப் பெட்டி அவள் முதுகுக்குப் பின்னால், கையை நீட்டினால் எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. ஒருவகையில் நான் அவர்கள் இரண்டு பேரையும் சந்திக்க வைத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

எல்லாம் கெட்டது ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்மாவுக்குப் போகும்போது ரோஷன் பீவியைக் கடையில் உட்கார வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தால் பெட்டி இருந்த இடம் காலி.

"அந்த நீலத்த வித்துட்டேன்" என்றாள் பெருமையாக. "எத்தினி நாளா போவாம கெடந்துச்சு. மஸ்கட் போற ஆளு, சாயங்காலமே பிளைட்டாம். கலர் எதுவா இருந்தா இன்னான்னு வாங்கிகினு பூட்டாரு."

"உள்ள சாமான் இருந்துச்சே" என்றேன்.

"பாத்தேனே. குட்டிக் குட்டிப் பர்சுங்க. ஃப்ரீ கிஃப்ட்டுன்னு சேத்துக் குட்துட்டேன். ரொம்ப சந்தோசப்பட்டாரு."

நம்பர் பூட்டைப் போட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். போட்டிருந்தேன். எல்லாப் பெட்டிக்கும் கடையில் ஒரே நம்பர்தான், அது அவளுக்கும் தெரியும். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு விமான நிலையத்துக்குக் கிளம்பினேன். கூடுவாஞ்சேரி வரைக்கும் போனேன். அதற்கு மேல் எனக்கு வழி பழக்கமில்லை.

வாங்கியவன் பெயர் முபஷ்ஷிர், மஸ்கட்டில் எலக்ட்ரீஷியன். அறையில் போய்ப் பெட்டியைத் திறந்து பர்ஸ்களைப் பிரித்திருக்கிறான். வில்லையில் இணைய முகவரி இருக்கிறது, எண் இருக்கிறது. கூட இருந்தவர்கள் ஆளுக்கொன்றாக எடுத்து, எண்ணைத் தட்டிப் பதிந்திருக்கிறார்கள். செத்துப்போனதாக நினைத்த பென்குயினும் பூனையும் கரடியும் ஒரே சமயத்தில் ஓமனில் உயிர்த்தெழுந்தால் குழு எப்படி இருக்கும்? எந்த ஊரிலிருந்து கொண்டு வந்தீர்கள் என்று கவியா கேட்டதற்கு, அவன் பெட்டியைப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டான். மூடியில் என் கடை ஸ்டிக்கர். ஒட்டியது நான்தான், கோணாமல் ஒட்டியிருந்தேன்.

கவியாவும் ஜான்சனும் ஜெசிந்தாவும் கடைக்கு வந்தார்கள். நான் எதையும் மறுக்கவில்லை.

"அண்ணாத்த, என் சவாரியே போச்சு. திருடன்ற பேரோட சர்ச்சுக்குப் போயினு வந்தேன்" என்றான் ஜான்சன்.

"நான் உன் பேரைச் சொல்லலப்பா" என்றேன்.

ஜெசிந்தா திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அன்னிக்கி நான் இங்க ஒக்காந்துகினு அழுதனே பாய், அப்போ அது எங்க இருந்துச்சு?"

"ஒனக்குப் பின்னாலதாம்மா" என்று காட்டினேன்.

அவள் திரும்பி அந்தக் காலி இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு போய்விட்டாள். நான் வரவழைத்த டீயை யாரும் தொடவில்லை.

என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஜான்சனைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள், நல்லதுதான். ரோஷன் பீவியை மட்டும் யார் சேர்த்தார்களோ தெரியவில்லை. அவள் போனில்தான் அந்த வீடியோவைப் பார்த்தேன். மஸ்கட்டில் ஒரு மண் மைதானம். வேலை முடிந்து வந்த ஆட்கள் பந்து ஆடுகிறார்கள். முபஷ்ஷிர் நடுவில் நின்று விசிலை ஊதுகிறான், கன்னம் உப்ப. கீழே ஜெசிந்தா எழுதியிருக்கிறாள்: 'இன்னும் ஓங்கி ஊதுங்க தம்பி, அவரு இப்டிலாம் மெதுவா ஊத மாட்டாரு.' பென்குயினை யாரோ துருக்கிக்கு எடுத்துக்கொண்டு போகிறார்களாம். பூனைக்கும் ஆள் கிடைத்துவிட்டது.

இந்த முபஷ்ஷிர் பையனைப் பற்றித்தான் நான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். ஊர் பேர் தெரியாத பொருள் கைக்கு வந்தால், அது யாருடையது, எங்கிருந்து வந்தது என்று முதலில் கடைக்காரனிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? திருப்பி அனுப்பு என்று பொறுமையாக எழுதியும் பார்த்துவிட்டேன்; பதில் இல்லை. ஒருத்தன் இத்தனை நாள் கண்ணும் கருத்துமாகப் பாதுகாத்து வைத்திருந்ததை எடுத்துக்கொண்டு போய்விட்டு, அவனால் எப்படித்தான் நிம்மதியாகச் சாப்பிட முடிகிறதோ, எனக்குப் புரியவில்லை.